வலப்பக்கம் நகர்ந்த மரங்கள்

கராசாய் கிராமம்
2 டிசம்பர் 1973

என் நெஸிஹே,

நம் மரங்களின் நிழல் நடுவில் உடைந்திருக்கிறது. சலாமும் நலம் விசாரிப்பும் பிறகு வரும், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று நண்பகலில் துணி காயப்போடப் போனேன். புதுப் பனி விழுந்து வெயில் அடித்த நாள். குளிர்காலத்தில் அந்த நேரத்துக்குச் சூரியன் எங்கள் கூரைக்கு நேர் மேலே தாழ்ந்து நிற்கும். நம் பாப்லர் வரிசையின் நிழல் முழுவதும் ஒரே கோடாக வடக்கே, உங்கள் வீட்டைப் பார்த்து விழும். ஒரு மரத்தின் நிழல் அடுத்த மரத்தின் தண்டில் ஏறும், அதன் நிழல் அதற்கடுத்ததில் ஏறும். என் பாதியில் அப்படித்தான் ஏறியது. உன் பாதி தொடங்குகிற இடத்தில் ஏறவில்லை. என் கடைசி மரத்தின் நிழல் உன் முதல் மரத்தைத் தொடாமல், அதற்கு மேற்கே, உங்கள் நிலத்துப் பனியின்மேல் தனியாகக் கிடந்தது. சாண் வைத்துப் பார்த்தேன். ஒன்றரைச் சாண் விலகல். ஈரத்துணி தோளிலேயே விறைத்துப்போய்விட்டது.

நாம் பிறந்த வசந்தத்தில் உன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே கயிற்றின் இரண்டு முனையைப் பிடித்து நட்ட வரிசை அது. தெற்குப் பாதி எனக்கு, வடக்குப் பாதி உனக்கு. வளர்ந்ததும் வெட்டி விற்று நமக்குக் கல்யாணம். எல்லையும் அதுதான், கிழக்கே எங்கள் நிலம், மேற்கே உங்கள் நிலம். இதெல்லாம் உனக்குத் தெரியாதா என்ன. ஆனால் ஒரே கயிற்றில் நட்டது எப்படிக் கோணும் என்று நேற்றுவரை நான் யோசித்ததே இல்லை.

அப்பா சொல்வது உனக்குத் தெரியும். நட்ட அடுத்த வருடம் அவர் சோங்குல்தாக் சுரங்கத்துக்கு வேலைக்குப் போயிருந்தபோது சில கன்றுகள் பட்டுப்போயின. உன் அப்பா மறுபடி நட்டார். அப்போது உன் பாதியை எங்கள் நிலத்துக்குள் தள்ளி நட்டுவிட்டார். நானும் இதைத்தான் நம்பிவந்தேன் நெஸிஹே. உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டே நம்பினேன். இன்றைக்கு எழுதிவிட்டேன்.

இப்போது அப்பா முடிவு செய்துவிட்டார். மார்ச்சில் மரத்தில் சாறு ஏறுவதற்கு முன் வெட்டுவது, வேரையும் பிடுங்குவது, எங்கள் முனையிலிருந்து கயிறு கட்டிக் கல்சுவர் எழுப்புவது. உன் அப்பா கடைவீதியில், "அவன் சுவரு எழுப்பட்டும், நான் துப்பாக்கி எடுக்கறேன்" என்றாராம். என் அப்பா சிரித்துக்கொண்டே மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போடுகிறார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மரம் வெட்டினால் என்னையும் அனுப்பிவிடுவார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வீட்டார் கேட்டிருக்கிறார்கள். "உன் மரம்லாம் பெருத்துப்போச்சு, இன்னும் நீ இங்க என்ன பண்ற?" என்று அப்பா விளையாட்டாகக் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தியபோதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போயிற்று.

நீ உன் அப்பாவுக்கு எழுதிக் கேள். உண்மையாகவே நகர்த்தினாரா?

உன் இரு கண்களிலும் முத்தம். இங்கே எல்லோரும் நலம், மஞ்சள் பசு மட்டும் இருமுகிறது.

ஹாஜெர்


அங்காரா
14 டிசம்பர் 1973

ஹாஜெர்,

கேட்கத் தேவையில்லை. கோடையில் ஊருக்கு வந்தபோது எங்கள் முற்றத்திலிருந்து அப்பாவுக்கு நானே கயிறு பிடித்தேன். என் பாதி அம்பு விட்டதுபோல் நேராக இருக்கிறது. உன் பாதிதான் எங்கள் நிலத்துக்குள் ஒன்றரைச் சாண் வந்து நிற்கிறது. இதை உன்னிடம் சொன்னால் உன் முகம் சுருங்கும் என்று சொல்லாமல் இருந்தேன். நீ மட்டும் யோசிக்காமல் என் அப்பாவைத் திருடன் என்று எழுதிவிட்டாய், அதுவும் பசு இருமுகிறது என்ற செய்தியோடு.

என் அப்பா திருடன் என்றால் உன் அப்பா யார்?

இங்கே நான் சுகமாக இருக்கிறேன் என்று நினைக்காதே. சித்தி வீட்டில் நிலக்கரிப் புகை, அடுத்த வீட்டுக் குழந்தைகளுக்கும் நான்தான் ஆயா. வகுப்பில் வாயைத் திறந்தால், "மலைக்காரி பேசறா, எல்லாரும் அமைதி" என்கிறார்கள். உனக்கு வாயைத் திறக்கப் பயம். எனக்குத் திறந்த பிறகு பயம். இரண்டில் எது மேல் என்று தெரியவில்லை.

கோபமாக இருக்கிறேன். ஆனாலும் குளிரில் வெறுங்கையோடு துணி பிழியாதே.

இன்னமும் உன்,
நெஸிஹே


கராசாய்
8 ஜனவரி 1974

என் நெஸிஹே,

உன் கடிதத்தை மாட்டுக் கொட்டிலில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் கிழிக்க நினைத்தேன். பிறகு ஒரு சொல் கண்ணில் குத்தியது. நீயும் ஒன்றரைச் சாண் என்கிறாய், நானும் ஒன்றரைச் சாண் என்கிறேன். இரண்டு திருடர்கள் ஒரே அளவாகவா திருடுவார்கள்?

தியாகப் பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. பகைத்தவர்கள் கை கொடுத்துக்கொள்ள வேண்டும் என்று இமாம் சொன்னாராம். உன் அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கும்வரை என் அப்பா பள்ளிவாசலின் மூலையில் உட்கார்ந்து மணி உருட்டினாராம். உன் அம்மா வழக்கம்போல் இறைச்சிப் பங்கு கொடுத்தனுப்பினாள். என் அம்மா வாங்கிச் சமைத்தாள். "யாரு குடுத்தது?" என்று அப்பா கேட்டார். "அல்லா குடுத்தாரு. சாப்பிடுங்க" என்றாள். அவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது அல்லவா, வாதுமைக்கொட்டை நிரப்பி நான்தான் கொண்டுபோனேன். தட்டைக் கொடுத்துவிட்டு உங்கள் முற்றத்திலேயே நின்றேன். உன் கடைசி மரத்தில் கன்னத்தை ஒட்டிவைத்து, ஒரு கண்ணை மூடித் தெற்கே பார்த்தேன். உன் அம்மா வாசலிலிருந்து, "என்னடி மரத்த மொறைக்கற? கடன் வாங்கிட்டு ஓடிருச்சா?" என்றாள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

நீ சொன்னது உண்மை. உங்கள் முனையிலிருந்து பார்த்தால் உன் பாதி நேர். என் பாதி வலப்பக்கம் விலகி உங்கள் நிலத்துக்குள் நிற்கிறது. வீட்டுக்கு வந்து எங்கள் முனையிலிருந்து பார்த்தேன். என் பாதி நேர். உன் பாதி வலப்பக்கம் விலகி எங்கள் நிலத்துக்குள் நிற்கிறது. எந்தப் பக்கம் நின்றாலும் எதிர்ப்பக்கம்தான் வலது கைப்பக்கமாகப் போயிருக்கிறது. இரண்டு அப்பாக்களும் பொய் சொல்லவில்லை. இருவரும் அவரவர் முனையில் மட்டும் நின்றார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. மரங்களை ஒட்டி அரசாங்கத்து ஆட்கள் சிமென்ட் வாய்க்கால் போட்டார்களே, நாம் ஈரச் சிமென்டில் கை பதித்து அடி வாங்கினோமே, அது போட்டு இரண்டு வருடம் ஆகவில்லை. என் பாதியும் உன் பாதியும் சேரும் அதே இடத்தில் அது ஒடிந்திருக்கிறது. இதற்குள் இரண்டு முறை ஊர்த்தலைவர் அங்கே பூசிவிட்டார், கொத்தனாரைத் திட்டிக்கொண்டே. நான் பனியைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். வாய் பிளந்த விரிசல் இல்லை. ஒரு துண்டு மற்றதைவிட இரண்டு விரல் பருமன் பக்கவாட்டில் போயிருக்கிறது. அதுவும் வலப்பக்கம்.

அம்மாவிடம் கேட்டேன். 44-ஆம் வருட நிலநடுக்கத்தில் நிலம் கிழிந்து கோடு விழுந்த இடம் அதுதானாம். அம்மா அப்போது சிறுமி. "ஏரு ஓட்டின மாதிரி இருந்துச்சு, ஆனா ஏரு இல்ல" என்றாள். அன்று காலை உங்கள் வீடு விழுந்தபோது, உன் அப்பாவை என் அப்பாதான் வெறுங்கையால் தோண்டி வெளியே இழுத்தாராம். இருவருக்கும் அப்போது நம் வயது. இது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?

ஆனால் மரம் நட்டது அதற்குப் பல வருடம் பிறகு. அப்படியென்றால் நிலம் அன்றைக்கு ஆடி நின்றுபோகவில்லை. வாய்க்கால் போட்ட பிறகும் போயிருக்கிறது. நேற்றும் போயிருக்கும். யாருக்கும் தெரியாமல், ஒரு கோப்பைகூடக் குலுங்காமல்.

இப்படி உண்டா? நீ படித்தவர்களிடம் கேள். பைத்தியம் என்றால் என் பெயரைச் சொல்லாதே.

ஹாஜெர்


அங்காரா
24 ஜனவரி 1974

என் கண்ணின் ஒளி ஹாஜெர்,

முதலில் மன்னிப்பு. கோடையில் கயிறு பிடித்த கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. உன் அப்பா என் அப்பாவைத் தோண்டி எடுத்த கதையும் எனக்குத் தெரியாது. ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் உன் அப்பாவின் பெயரைச் சொல்லாமல், "தெக்கத்தியான்" என்றுதான் பேச்சு.

உன் பெயரைச் சொல்லித்தான் கேட்டேன். புவியியல் ஆசிரியை கடிதத்தை வாங்கி வகுப்பு முடியும்வரை படித்தார். சிரிக்கவில்லை. இனி அவர் சொன்னதையும் புத்தகத்தில் இருப்பதையும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

பூமியின் மேலோடு ஒரே துண்டு இல்லை. ரொட்டியின் மேற்பொருக்கு வெடித்துத் துண்டு துண்டாக இருக்குமே, அதுபோல். அந்தத் துண்டுகளுக்குத் தட்டு என்று பெயர். அடியில் இருக்கும் சூடான பாறை மிக மெதுவாகப் புரளுகிறது, தட்டுகளும் சேர்ந்து நகர்கின்றன. நகம் வளருகிற வேகம்தான். தெற்கே அரபுத் தட்டு நம்மை வடக்கே தள்ளுகிறது. வடக்கே பெரிய தட்டு, ஐரோப்பாவும் ஆசியாவும் சேர்ந்தது, இடம் கொடுக்கமாட்டேன் என்கிறது. நடுவில் நம் அனடோலியா. தர்பூசணி விதையை இரண்டு விரலுக்கிடையே அழுத்தினால் வழுக்கி ஓடுமே, அப்படி நாம் மேற்கே வழுக்குகிறோம். வழுக்குகிற விளிம்பு கிழக்கிலிருந்து மேற்காக ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. அதற்கு நிலப்பிளவு என்று பெயர். அது நம் மரவரிசையின் நடுவே போகிறது.

அதனால்தான் எந்தப் பக்கம் நின்றாலும் எதிர்ப்பக்கம் வலதில் போகிறது. இந்தப் பிளவு முழுவதும் அப்படித்தானாம். இதைப் புத்தகத்தில் ஒரு வரியில் எழுதியிருக்கிறார்கள். நீ கன்னத்தை மரத்தில் வைத்துக் கண்டுபிடித்தாய்.

பெரும்பாலான இடங்களில் விளிம்பு சொரசொரப்பாகச் சிக்கிக்கொள்ளும். தட்டு தள்ளும், விளிம்பு விடாது, இரண்டு பக்கத்துப் பாறையும் வில்லாக வளையும். ஒருநாள் தாங்காமல் விட்டுவிடும். இறுகிய கதவைத் தோளால் தள்ளிக்கொண்டே இருந்து திடீரென்று திறந்தால் நாம் விழுவோமே, அதுதான் நிலநடுக்கம். சில இடங்களில் மட்டும் சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகவே வழுக்குமாம். அமெரிக்காவில் ஒரு திராட்சை மதுக் கிடங்கின் சுவர் இப்படி விலகுவதாக ஆசிரியை படித்திருக்கிறார். "உங்க ஊரும் அப்படித்தானான்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த மரத்த மட்டும் தொட வேண்டாம்னு சொல்லு. வேற அளவுகோல் அங்க இல்ல" என்றார். மெதுவாக வழுக்குகிறது என்பதால் இனிப் பெரிய நிலநடுக்கம் வராது என்று நம்பவேண்டாம், ஆழத்தில் சிக்கிக்கொண்டிருக்கலாம் என்றும் சொன்னார்.

உன் வீடு ஒரு தட்டில், என் வீடு ஒரு தட்டில் ஹாஜெர். இதைப் படித்துவிட்டுச் சித்தி வீட்டுக் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன். வேறு எங்கே தனியாக இருக்க முடிகிறது.

இப்போது சொல்லக் கூச்சமான ஒன்று. அப்பாவும் என் பாதியை இந்த மார்ச்சில் விற்கிறார். ஒரே வியாபாரிதான், உன் அப்பாவிடம் பேசியவர். என் கல்யாணத்துக்காக இல்லை. அந்த மரம் போனால்தான் அடுத்த இரண்டு வருடம் நான் இங்கே படிக்க முடியும். வெட்டவேண்டாம் என்று அப்பாவுக்கு எழுத மூன்று முறை பேனா எடுத்தேன். எழுதவில்லை. ஆசிரியைக்கும் இதைச் சொல்லவில்லை. உனக்குத்தான் சொல்கிறேன்.

நீ என்ன சொன்னாலும் கேட்பேன்.

நெஸிஹே


கராசாய்
17 பிப்ரவரி 1974

என் நெஸிஹே,

அழாதே. அங்காரா எங்கள் பக்கத்துத் தட்டில் இருக்கிறது, உன் புத்தகத்தின் படத்தை நீயே பார். உன் வீட்டை விட்டு என் தட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு பிரிந்துவிட்டோம் என்று அழுகிறாய்.

உன் பாதியை வெட்டட்டும். நீ படி. எனக்கு நிறுத்தினார்கள், உனக்கும் நிற்கவேண்டும் என்று நான் கேட்பேனா? ஒன்றே ஒன்று எழுது உன் அப்பாவுக்கு. முழங்கால் உயரத்தில் வெட்டவேண்டும், வேரைத் தொடக்கூடாது. அடிக்கட்டை போதும். கோணலைப் பார்க்க அடிக்கட்டை மரத்தைவிட நல்லது, இலை மறைக்காது.

என் பாதியை வெட்ட விடமாட்டேன். வீட்டிலும் சொல்லிவிட்டேன். எப்படி என்று கேள்.

உன் கடிதத்தை அப்பாவிடம் வாசித்துக்காட்டினேன். தர்பூசணி விதை வரைக்கும்தான் கேட்டார். "இஸ்ஸெத்து பொண்ணு எழுதினா இஸ்ஸெத்துக்குச் சாதகமாத்தான எழுதுவா" என்றார். வாய்க்காலைப் பார்க்க வாருங்கள் என்றேன். வந்தார், என்னைச் சும்மா இருக்கச் செய்வதற்காக.

"சிமென்டுல மண்ண ஜாஸ்தி கலந்துட்டானுங்க. விரிசல் விட்ருச்சு. இதுல என்ன அதிசயம்?"

"விரிசல்னா பொளந்துக்கும்ப்பா. இது பொளக்கல. பக்கத்துல போயிருக்கு. விரல வச்சுப் பாருங்க."

அவர் குனிந்து விரலை வைத்தார். இரண்டு விரல் சரியாகப் பொருந்தியது. பிறகு ஒடிவுக்கு இந்தப் பக்கம் நம் கைகள் பதிந்திருக்கும் இடத்தைப் பார்த்தார். "இத யாரு தள்ளினது?" என்றார். இஸ்ஸெத் சித்தப்பா சிமென்ட் வாய்க்காலைத் தள்ளினார் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்ததும், "நிலம் போனா போகட்டும். மரம் வெட்டறது வெட்டறதுதான். வியாபாரிக்கும் வாக்குக் குடுத்தாச்சு, மாப்பிள வீட்டுக்கும் வாக்குக் குடுத்தாச்சு" என்றார்.

நான் சொன்னேன் நெஸிஹே. அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், அவர் முகத்தைப் பார்த்து இல்லை. "நீங்க குடுத்த வாக்கு உங்களோடது. மரம் என்னோடது. பொண்ணு பேர்ல நட்ட மரம் பொண்ணோடதுன்னு நீங்கதான் ஊருக்கே சொல்லுவீங்க. நான் தரல."

அம்மாவின் கரண்டி கஞ்சிக்குள் விழுந்தது. அப்பா, "என்ன சொன்ன?" என்றார். கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னேன். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டார் வந்தார்கள். காபித் தட்டை நான்தான் கொண்டுபோக வேண்டும். நான் மாட்டுக்கொட்டிலில் உட்கார்ந்து பால் கறந்தேன், பாலே இல்லாத பசுவிடம். அம்மா காபி கொண்டுபோய், "பொண்ணுக்கு உடம்பு சரியில்ல" என்றாளாம். அவர்கள் போன பிறகு நான் அம்மாவிடம், "எனக்கு உடம்பு நல்லா இருக்கு, அத அவங்ககிட்ட சொல்லிருக்கலாம்" என்றேன். அம்மா அடிக்கக் கை ஓங்கினாள், அடிக்கவில்லை. காலையில் பார்த்தால் என் சீதனப் பெட்டியை மறுபடி மாவுச் சாக்குகளுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தாள்.

காபிக்கடையில் நான்தான் இப்போது சிரிப்பு. "ஸாதிக்கோட பொண்ணு சொல்லுது, நெலம் மேற்க போவுதாம். அப்ப ஜெர்மனிக்கு எதுக்கு டிக்கெட்டு? வீட்லயே உக்காந்திருந்தா போய்ச் சேந்துறலாம்" என்று ஊர்த்தலைவர் சொன்னாராம். கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. எவ்வளவு காலம் ஆகும் என்று வேண்டுமானால் ஆசிரியையிடம் கணக்குக் கேட்டு எழுது, அவருக்குச் சொல்லலாம்.

அப்பா என்னோடு பேசுவதில்லை. நான் வைத்த கஞ்சியைக் குடிக்கிறார்.

ஹாஜெர்


அங்காரா
3 மார்ச் 1974

ஹாஜெர், என் ஹாஜெர்,

அவசரமாக எழுதுகிறேன், ரயில் தபால் போய்விடும். அப்பாவுக்கு எழுதினேன். முழங்கால் உயரம், வேர் கூடாது, காரணம் இது என்று மூன்று பக்கம். பதில் மூன்று வரி. "உன்னப் படிக்க அனுப்பினது அப்பனுக்குப் பாடம் நடத்தவா? கட்டையோட விடறேன். தெக்கத்தியான் சுவர் கட்ட வந்தா கட்டையும் பாக்கமாட்டேன், அவனையும் பாக்கமாட்டேன்."

அடிக்கட்டையைக் காப்பாற்றியாயிற்று. அப்பாக்களைக் காப்பாற்ற என்னால் இங்கிருந்து முடியாது. வெட்டுகிறவர்கள் வரும் நாளில் இருவரும் அங்கே நிற்பார்கள், ஆளுக்கொரு முனையில். உனக்குப் பேச வராது என்று எனக்குத் தெரியும். வகுப்பில் உன் பெயர் கூப்பிட்டால் நான் "இருக்கா" என்று சொல்லுவேனே. இந்த முறை நான் இல்லை. நீயே சொல்லவேண்டும்.

ஜெர்மனிக்குப் பத்து கோடி வருடம் ஆகுமாம். ஊர்த்தலைவரை ரொட்டி கட்டிக்கொள்ளச் சொல்.

நெஸிஹே


கராசாய்
17 மார்ச் 1974

என் நெஸிஹே,

வியாழக்கிழமை காலை வந்தார்கள். வியாபாரி, இரண்டு ஆட்கள், இழுப்பு ரம்பம், ஒரு லாரி. பனி உருகி நிலம் சொதசொதவென்று இருந்தது. உங்கள் முனையில் உன் அப்பா. எங்கள் முனையில் என் அப்பா, புதுக் காம்பு போட்ட மண்வெட்டியோடு. உன் அப்பாவின் தோளில் துப்பாக்கி இருந்தது. பறவை சுடப் போவதாகச் சொல்லிக்கொண்டார்.

உன் பாதியை முதலில் வெட்டினார்கள். உன் முதல் மரம் விழுந்தபோது உன் அம்மா வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன், உனக்கு எழுதுவதற்காக. முழங்கால் உயரத்தில்தான் வெட்டினார்கள். உன் அப்பா ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நின்று, "இன்னும் மேல வைடா, பொண்ணு கேப்பா" என்றார்.

பிறகு என் பாதிக்கு வந்தார்கள். நான் என் மரத்துக்கும் ரம்பத்துக்கும் நடுவில் போய் நின்றேன். வியாபாரி அப்பாவைப் பார்த்து, "ஸாதிக் அண்ணே, பொண்ண உள்ள போகச் சொல்லுங்க" என்றார். அப்பா, "உள்ள போ" என்றார். ஒரு மாதத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் சொல் அது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ இருந்தால் "இருக்கா" என்று சொல்லியிருப்பாய். நானே சொன்னேன்.

"இது என் மரம். நான் விக்கல. அப்பா, நீங்க அந்த முனைக்குப் போயி ஒரு தடவ பாருங்க. சித்தப்பா, நீங்க இந்த முனைக்கு வாங்க. ஒரே ஒரு தடவ. பாத்துட்டு அப்புறம் சுடறதுன்னா சுடுங்க, வெட்டறதுன்னா வெட்டுங்க."

யாரும் அசையவில்லை. ரம்பக்காரன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான், நான் விலகவில்லை என்பதால்.

முதலில் அசைந்தது உன் அப்பா. துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சேற்றில் நடந்து வந்தார். அவர் வருவதைப் பார்த்து என் அப்பா மண்வெட்டியைக் குத்திவிட்டுக் கிளம்பினார். நடுவில், அந்தப் பிளவு இருக்கும் இடத்தில், இருவரும் எதிரெதிரே கடந்தார்கள். சலாம் சொல்லிக்கொள்ளவில்லை. உன் அப்பா எங்கள் முனையில் வந்து நின்று, என் முதல் மரத்தில் கன்னத்தை வைத்தார். என் அப்பா உங்கள் முற்றத்தில் முழங்காலிட்டு, உன் அடிக்கட்டையின் மேல் தாடையை வைத்தார். இருவரும் ஒரு கண்ணை மூடினார்கள்.

உன் அப்பாதான் முதலில் கத்தினார், அவ்வளவு தூரத்துக்குக் கேட்கும்படி. "ஸாதிக்! உன் எடத்துலேர்ந்து பாத்தா நான்தான்டா திருடன்."

என் அப்பா கட்டையிலிருந்து தாடையை எடுத்தார். பிறகு, "இங்கேர்ந்து பாத்தா நான்" என்றார். கத்தவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது.

கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அப்படி நடக்கவும் இல்லை. என் அப்பா எழுந்திருக்க முயன்றபோது முழங்கால் பிடித்துக்கொண்டது. உன் அம்மா தேநீர் கொண்டுவந்து கட்டையின் மேல் வைத்தாள். அவர் அங்கேயே உட்கார்ந்து குடித்தார். உன் அப்பா இங்கே எங்கள் வேலியில் சாய்ந்து, என் அம்மா கொடுத்ததைக் குடித்தார். வியாபாரி நடுவில் நின்று, "பொம்பளப் புள்ள பேச்சக் கேட்டு வேலைய நிறுத்தறதா? லாரி வாடக யாரு குடுப்பா?" என்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கேட்டார். என் அப்பா கோப்பையை வைத்துவிட்டு, "மரம் அவளோடது. அவகிட்ட கேளு" என்றார்.

அவர் என்னிடம் கேட்டார். நான் இல்லை என்றேன். லாரி உன் பாதியோடு போயிற்று.

மலைக்கு அந்தப் பக்கம் அப்பா ஆள் அனுப்பியிருக்கிறார், இந்த வருடம் இல்லை என்று. "எந்த வருஷமும் இல்ல" என்று நான் அடுப்படியிலிருந்து சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் காதில் விழுந்தது. இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். ஊர்த்தலைவர் இன்னும் ஜெர்மனி பற்றிக் கேட்கிறார். சுவரைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

நேற்று வெயில் அடித்தது. வெட்டிப்போட்ட உன் மரங்களின் கழிவில் இளங்கிளைகளாகத் தேடி எடுத்து, ஈர மண்ணில் செருகினால் வேர் விடும் குச்சிகளாக நறுக்கினேன். பழைய வரிசைக்குப் பக்கத்தில், எங்கள் நிலத்தில், எங்கள் வீட்டு முனையில் ஒரு முளை அடித்தேன். பிளவைத் தாண்டி உங்கள் முனையில் இன்னொரு முளை அடித்தேன். துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்து வந்து இரண்டுக்கும் நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டி, குச்சிகளை ஒவ்வொன்றாக நேராக நட்டேன், இனி இது எவ்வளவு கோணுகிறது என்று வருடாவருடம் சாண் வைத்துப் பார்க்க.

ஹாஜெர்